கூடுதலாக ஊற்றிய நீலம்

கேக் தட்டில் உறைந்திருந்த அந்த ஜெலட்டின் பலகை, மேசையில் கை பட்டாலே நடுங்கும். தொண்ணூறுகளின் நடுவில், வுப்பர்டாலில் எங்கள் அகதிகள் விடுதிக்குப் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில், ஒரு ஜெர்மன் ஆசிரியை புதன்கிழமைகளில் எங்களுக்கு அச்சுப் படம் எடுக்கச் சொல்லித் தந்தார். பலகையில் வண்ணத்தை உருளையால் மெல்லியதாகப் பரப்பி, இலையோ துணியோ வைத்து அழுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தின் மேல் தாளை ஒற்ற வேண்டும். இலையின் நரம்புகூட விழும். வண்ணம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. "வெனிக், வெனிக்" என்பார், கொஞ்சம் கொஞ்சம் என்று. தேநீரோடு ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் வைக்கிறவர் வேறென்ன சொல்வார் என்று நான் சிரிப்பேன். அளந்து போடுகிற கைக்கு எங்கள் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது.

பக்கத்து அறை மன்னார் அக்கா மட்டும் சிரிக்கமாட்டார். அவருடைய பெண் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. கணவர் அதற்கு முன்பே வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் இருந்தார். பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. புகைப்படமும் இல்லை. மிஞ்சியது அக்கா பின்னிய வெள்ளை நூல் தொப்பி ஒன்றுதான். அதைத் தபாலில் விட அவருக்கு மனம் வரவில்லை.

"இந்த அச்சில தொப்பியின்ர அளவு அப்பிடியே விழும். அவர் பிள்ளையின்ர தலையைத் தடவிப் பாக்கட்டும்" என்றார். மெல்லியதாகப் பூசினால் தொப்பியைக் கழுவிவிடலாம் என்று ஆசிரியையும் சொல்லியிருந்தார்.

அக்கா தொப்பியைக் கொண்டுவந்த புதன்கிழமை, ஆசிரியை தொலைபேசி எடுக்கப் போன நேரம். "நீ ஊத்து, தங்கச்சி. எனக்கு ஏலாது" என்றார் அக்கா. ஒரு பிள்ளையின் கடைசி அடையாளத்துக்குமா கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நீலத்தைத் தாராளமாக ஊற்றினேன்.

"காணும், காணும்."

"நல்லா விழட்டும், அக்கா."

அழுத்தியதும் தொப்பி வண்ணத்தில் புதைந்து வழுக்கியது. தாளில் வந்தது தொப்பியைவிட இரண்டு விரல் பெருத்த ஒரு நீல அப்பல், வெறும் வண்ணத் திட்டு. அக்கா பின்னிய ஒரு கண்ணிகூட அதில் இல்லை. ஓடிப்போய்க் குழாயடியில் கழுவினோம். நூலுக்குள் இறங்கிய வண்ணம் போகவே இல்லை. காய்ந்ததும் தொப்பி அட்டைபோல விறைத்தது. இன்னொரு முறை எடுக்க வழியில்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீயும் ஆசையிலதானே ஊத்தினனீ" என்றார்.

வேறு எதுவும் இல்லாததால் அந்த அப்பலையே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார்: "நாப்பது நாளிலயே இவ்வளவு பெரிய தலையோ! என்ர அப்பான்ர தலைதான். ஒவ்வொரு நாளும் தடவிப் பாக்கிறன்."

அக்கா திருத்தி எழுதவில்லை. எழுதுங்கோ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பிறகு ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோனோம். அவர்கள் இருவரும் ஒன்றுசேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் எங்கேயோ அந்த மனிதர் என் கை ஊற்றிய வண்ணத்தைத் தன் மகளென்று தடவிக்கொண்டிருப்பார்.