செம்பட்டியைத் தவறவிட்ட நாள்

கணவருக்கு மாற்றலாகி நாங்கள் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. வாயில்லாப் பூச்சி என்றுதான் என்னைச் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். சென்னையில் எதிர்வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

வந்த சில மாதங்களில், கணவருடைய அலுவலக நண்பர் செம்பட்டியில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். கிரகப்பிரவேசத்தன்று கணவர் விடியுமுன்பே உதவிக்குப் போய்விட, நான் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறிச் செம்பட்டிக்கு டிக்கெட் எடுத்தேன். தனியாக வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர். திண்டுக்கல் கடைகளுக்குப் பூப் போட்டுவிட்டுக் காலிச் சாக்குகளோடு நிலக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு நீங்க?"

"சென்னைங்க."

"அம்புட்டுத் தொலவிலருந்து வந்து, இங்க பொழுது எப்பிடிப் போகுது?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். பிரியாணிக் கடையில் சீரகச் சம்பாவைப் பார்த்து, "இதென்ன நொய்யா?" என்று கேட்டதையும், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்ததையும் நடித்தே காட்டினேன். அவர் சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பேச்சு ஊறியது.

கண்டக்டர் வந்து நின்றார். "யக்கா, நீங்க செம்பட்டிக்குல்ல எடுத்தீங்க? அது எப்பவோ போயிருச்சே!"

பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புதான் வந்தது.

"நிலக்கோட்டைக்கே வாங்க. பூ வாங்கிட்டுத் திரும்புங்க. விசேச வீட்டுக்கு வெறுங்கையோடவா போவீக?" என்றார் அந்தப் பெண்.

பூச்சந்தையில் நிற்கும்போது கணவர் போன் செய்தார்.

"எங்க இருக்கே?"

"நிலக்கோட்டையில."

"அங்க என்ன பண்றே?"

"பேசிட்டிருக்கேன்."

 "நீயா?" என்றார்.

பை நிறைய மல்லிகைச் சரத்தோடு செம்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் பூவைக் கிள்ளிக் கொடுத்து, சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் தீர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னொரு நா வாங்க, வச்சுத் தாரேன்."

அடுத்த வாரமே போனேன். பஸ் கிளம்பிய பிறகுதான் கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.