மஞ்சள் பொட்டு

இது கட்டுக்கதை இல்லை. மகாராஜனுக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். இது வந்தது வைகாசி வெயிலில், மத்தியானம் 1:40-க்கு.

மகாராஜன் வண்ணார்பேட்டையில் பைக் மெக்கானிக். நோஞ்சான் வண்டியையும் பறக்க வைப்பான் என்று பெயர். அந்தப் பெயர் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. தன் கையால் முறுக்கி, சரி என்று மனசுக்குப் பட்ட ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பான். பொட்டு இருந்தால் அதற்கு மகாராஜன் பொறுப்பு. வண்டி வைத்திருக்கிற பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆறு நாளைக்கு முன்னால்தான் மாரிக்கண்ணுவின் வண்டியை முடித்துக் கொடுத்திருந்தான். சேரன்மகாதேவிப் பையன், இருபத்திரண்டு வயது. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டாயிற்று. சைலன்சரையும் மாற்றியாயிற்று. பிரேக் மட்டும் பழைய டிரம் பிரேக், இந்த வேகத்துக்குப் போதாது. டிஸ்க் பிரேக் வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரை வண்டியைக் கடையிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தான் செய்த இன்ஜின் ரோட்டில் சீறுவதைப் பார்க்க அவனுக்கே ஆசை.

"பிரேக்கு தாங்குமா அண்ணாச்சி?" என்று மாரிக்கண்ணு கேட்டான்.

"தாங்கும்லே. போ."

வாய் சொல்லிவிட்டது. பின் பிரேக் நட்டில் பொட்டு வைக்க மட்டும் கை போகவில்லை. பையன் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆறு நாள் கழித்து, மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். வெளியே ஒரு வண்டிச் சத்தம். டப்... டப்... டப்... தான் செய்த இன்ஜினின் சத்தம் அவனுக்குத் தெரியாதா? மணி பார்த்தான். 1:40.

மாரிக்கண்ணு வண்டியில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சட்டையெல்லாம் ஈரம். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக்கு நிக்கல அண்ணாச்சி."

மகாராஜன் குத்த வைத்து உட்கார்ந்தான். முழங்கை சைலன்சரில் பட்டது. சுடும் என்று வெடுக்கென்று இழுத்தான்...

சுடவில்லை.

சில்லென்று இருந்தது. இத்தனை தூரம் ஓடிவந்த வண்டி.

சக்கரக் கம்பியில் பாசி சுற்றியிருந்தது. பின் பிரேக் நட்டை இரண்டு சுற்று முறுக்கினான்.

"இப்பம் தாங்குமா?"

இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"தாங்கும்."

"பொட்டு வைக்கலியே..."

வைத்தான். மணி 1:52.

பெயின்ட் டப்பாவை மூடத் திரும்பினான். ஸ்டார்ட் பண்ணின சத்தமே இல்லை.

நிமிர்ந்தான்.

வண்டி இல்லை. தண்ணீர் மட்டும்...

3:20-க்கு உதிரிபாகக் கடை அகமது மீரான் போனில் கூப்பிட்டார். மாரிக்கண்ணு போய்விட்டான். ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவில் வேகம் அடங்காமல், வண்டியோடு தாமிரபரணிக்குள். உடலை அப்போதே தூக்கிவிட்டார்கள். வண்டி இன்னும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறதாம்.

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு பத்துக்கு."

மகாராஜன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். 5:30-க்குக் கரையேறியது. மாரிக்கண்ணுவின் அக்கா இசக்கிச்செல்வி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். பிரேக் நட்டைக் காட்டினாள்.

"பிரேக்கு சரியா இருக்குன்னு நீங்கதான பொட்டு வச்சிருக்கிய, அண்ணாச்சி?"

நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆற்றுக்குள் கிடந்த வண்டி.

மகாராஜன் பைய விரலை வைத்துப் பார்த்தான்.

மஞ்சள் விரலில் ஒட்டிக்கொண்டது. பெயின்ட் இன்னும் காயவில்லை.