மலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

கொழும்புக்குத் தெற்கே ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த விருப்பத்துக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் அங்கே வருவார்கள்: பல் மருத்துவர், துணிக்கடை முதலாளி, ஓய்வுபெற்ற பொறியியலாளர். பறந்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதுதான் வழி தவறிய கதைகள் வெளியே வரும். களு கங்கை என்று நம்பி வளவை கங்கையைப் பிடித்துக்கொண்டு போனவர் ஒருவர். கடலுக்கு வந்த பிறகும் களுத்துறையைத் தேடிக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் திசைகாட்டியைத் தலைகீழாக வாசித்து, வீட்டுக்குத் திரும்புவதாக நினைத்து வீட்டைவிட்டு இன்னும் தூரம் போனவர்.

எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. கையில் வரைபடம், முன்னால் திசைகாட்டி, கீழே முழு நாடும் விரிந்து கிடக்கிறது. அப்புறம் எப்படித் தவறும்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எங்கே சொல்ல வேண்டியிருந்தாலும் இதைச் சத்தமாகவே சொல்வேன். பதுளையில் உயர்தரம் படித்தபோது புவியியலில் என்னை யாரும் முந்தியதில்லை. சமவுயரக் கோடுகளைப் பார்த்தே எது பள்ளத்தாக்கு, எது முகடு என்று சொல்லிவிடுவேன். நானாக இருந்தால் தவற மாட்டேன் என்றுதான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

பல் மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பிலேயே வளர்ந்தவர். ஒரு நாள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "தங்கச்சி, சனிக்கிழமை பதுளைப் பக்கம் பறக்கப் போறன். ஒரு சீட் சும்மா கிடக்கு. வாறீரோ? உம்மட தோட்டத்துக்கு மேலால ஒரு சுத்துச் சுத்துவம்" என்றார்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா இன்னும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார். 

"எங்க மேலயா வருவ?"

"ஆமாம்மா. கையாட்டுறேன், பாருங்க."

"அப்ப பெரட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே ஒரு சொல் விழுந்தால் தோட்டம் முழுக்கப் போய்விடும். அம்மா சொல்லியே விட்டார். பக்கத்து வீட்டுச் சித்தி, "பிளேன் வந்து நிக்க இடம் வேணும்னா சொல்லு அக்கா, என் கொழுந்துக் கூடைய காலி பண்ணி வெக்கிறேன்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அம்மா எனக்கு மறுபடி போன் செய்து, "நாலாம் நம்பர் மலையிலதான் நிப்போம். கங்காணிகிட்டயும் கேட்டுட்டேன். நீ வராம இருந்துறாத, நான் தலைகாட்ட முடியாது" என்றார். தேயிலை நட்ட சரிவுகளைத்தான் தோட்டத்தில் நம்பர் போட்டு மலை என்பார்கள்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. விமானம் நான் நினைத்ததைவிடச் சின்னது. கதவை மூடும்போது முச்சக்கரவண்டி நினைவுக்கு வந்தது. டொக்டர் வழிகாட்டும் டேப்லெட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அப்பூத்தளைக்கு வருவதற்குள் வெயிலில் சூடேறி அது தானாக அணைந்துபோனது.

"பரவாயில்லை. முந்தி எல்லாம் இதுகளோடயே பறந்தவை?" என்று சொல்லி மடித்த வரைபடத்தை என் மடியில் போட்டார். "நீர்தானே புவியியல் கெட்டிக்காரி. வாசியும்."

திட்டம் எளிமையானது. எல்லவைத் தாண்டி வடக்கே திரும்ப வேண்டும். கீழே ரயில் பாதை வரும். வலப்பக்கம் நமுனுகுல மலை நிற்கும். மலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் என் தோட்டம். ஆனால் எல்லவுக்கு மேலே ஒரு முகில் திட்டு உட்கார்ந்திருந்தது. டொக்டர் அதற்குத் தெற்கே ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனார். முகில் முடிந்ததும் வடக்கே திரும்பினார். எவ்வளவு நேரம் ஒதுங்கியிருந்தோம் என்று இருவருமே கவனிக்கவில்லை. நான் கீழே பார்ப்பதில் இருந்தேன்.

பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். நீளமான தொழிற்சாலை, வெள்ளித் தகரக் கூரை. அதற்கு மேலே துரை பங்களா, முன்னால் புல்தரை. கீழே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். ஓரத்தில் அம்மன் கோயில், நீலமும் மஞ்சளுமாகப் பூசிய கோபுரம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மேட்டு மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நின்றார்கள்.

"இதுதாங்க டொக்டர்! எங்க தோட்டம்தான்!"

"வடிவாப் பாரும். நிச்சயமோ?"

"நான் பொறந்த இடங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் விமானத்தைச் சாய்த்து ஒரு வட்டம் போட்டார். கீழே இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினாள். உடனே எல்லாரும் ஆட்டினார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. நான் கண்ணாடியில் கை மோத மோத ஆட்டினேன். முன்வரிசையில் சிவப்புத் துண்டோடு நின்றவர் என் அம்மா என்று முடிவு செய்துகொண்டேன். அழுகை வந்தது.

இரண்டாவது வட்டம் முடிந்து மறுபடி வடக்கே நேரானதும் டொக்டர், "ரயில் பாதை எங்க, தங்கச்சி?" என்று கேட்டார்.

"மரத்துக்குள்ள மறைஞ்சிருக்கும்ங்க."

"உம்மட வீட்டு முத்தத்தில நிண்டு பாத்தா ரயில் தெரியுமோ?"

"தெரியுங்க."

"அப்ப இங்கயிருந்தும் தெரியவேணுமெல்லோ." திசைகாட்டியை ஒருமுறை பார்த்தார். "வடக்க போறம். மலை எந்தப் பக்கம் இருக்கவேணும்?"

"வலப்பக்கம்."

"இப்ப எங்க நிக்குது?"

மலை இடப்பக்கம் இருந்தது. அவ்வளவு பெரிய மலை. நான் அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதைப் பார்த்து, எங்கள் மலைதான் என்று மகிழ்ந்துமிருந்தேன். எங்கள் மலைதான் அது. நாங்கள்தான் அதன் மறுபக்கம், பசறைப் பக்கம் வந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. எங்கள் தோட்டத்துக்குக் காலை வெயில் பிந்தித்தான் வரும். மலை மறைக்கும். கீழே இருந்த தேயிலையோ எப்போதோ விடிந்ததுபோல மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்ர பிழை. முகிலைச் சுத்தேக்க மணிக்கூட்டைப் பாக்கேல்லை" என்றார் டொக்டர். "நீர் சொல்ல, நானும் நம்பிட்டன். ஆக்கள் கையும் காட்டிச்சினம், வேற என்ன வேணும்?"

"அந்தப் பக்கம் போகலாங்களா? அம்மா நிக்கிறாங்க."

அவர் மலையின் தோளைக் காட்டினார். சற்று முன்பு அங்கே பஞ்சுபோல ஒன்று இருந்தது. இப்போது அது முகட்டை மூடியிருந்தது. "அதுக்குள்ள போனா மலை எங்க, நாங்க எங்க எண்டு தெரியாது. போகேலாது, தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் தெற்கே திருப்பினார். பள்ளத்தாக்கு அகன்று, வெல்லவாய, கரும்புக் காணிகள், காய்ந்த சமவெளி என்று நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. பிறகு கரையோரமாகவே கொழும்புக்குத் திரும்பினோம். நான் வரைபடத்தை மடிக்கக்கூட இல்லை. அம்மா நாலாம் நம்பர் மலையில் நின்று வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் நினைத்தேன்.

இறங்கியதும் போன் செய்தேன். முகிலுக்கு மேலே போய்விட்டோம், அதனால்தான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பார்.

"எங்கடி இருக்க? அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே புடிச்சுக்கிருச்சு."

"வழி தப்பிருச்சும்மா. மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டோம். வேற தோட்டத்தை நம்ம தோட்டம்னு நெனச்சு கையாட்டிட்டு வந்துட்டேன்."

அம்மா போனை வைத்துவிட்டார்.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன், ரயிலிலும் பஸ்ஸிலும். காலையில் அம்மாவோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சிரிப்புக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் சித்தி குடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அன்னிக்கி பசறப் பக்கம் ஒரு பிளேன் வந்து ரெண்டு சுத்து சுத்துச்சாம். எங்க அண்ணி போன்ல சொல்லுச்சு. அது நீதானா?"

சித்தி பிறந்தது அந்தத் தோட்டத்தில். கல்யாணமாகி மலையின் இந்தப் பக்கம் வந்தவர்.

"கோபுரம் நீலமும் மஞ்சளுமாங்களா, சித்தி?"

"ஆமா, போன வருசந்தான் பூசுனாங்க! அய்யோ, எங்க தோட்டத்துக்கே பிளேன் வந்துருக்கு பாருங்கடி!"

"எப்படி அத நம்ம தோட்டம்னு நெனச்ச?" என்றார் இன்னொருவர். "அங்க தண்ணிக்கு அரை மைல் நடக்கணும்."

"கங்காணி வேற ஒரு மாதிரி ஆளு" என்றார் மற்றொருவர்.

"அது மேல இருந்து தெரியாதுங்க" என்றேன். "தொழிற்சாலை, பங்களா, லயம், கோயில். எல்லாம் ஒரே மாதிரி வரிசையாத்தான் தெரியுது."

அவர்களால் அதை நம்பவே முடியவில்லை. சித்திக்கோ அதற்கெல்லாம் நேரமில்லை. எந்த லயம், பலா மரம் நிற்கிறதா, கூரை தகரமா என்று கேட்டுக்கொண்டே போனார். என்னால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடிந்தது. என் சொந்தத் தோட்டம் மேலிருந்து எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. அதை நான் இன்னும் அப்படிப் பார்த்ததில்லை.

 சித்தி மூன்றாவது தடவையாக "எங்க தோட்டத்துக்கு" என்று சொன்னதும் அம்மா குடத்தைத் தொப்பென்று வைத்தார்.

"ஒங்க தோட்டத்துக்கு ஒண்ணும் வரல. எங்களப் பாக்க வந்து வழி தப்புனா. வழி தப்புற ஒசரத்துக்குப் போறதுக்கே ஒருத்தி படிச்சிருக்கணும், தெரிஞ்சுக்க."

சித்தி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மேடேறித் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அங்க கையாட்டுனவங்க மூஞ்சி தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சாங்க."

"அப்ப நாங்களும் அப்படித்தான் தெரிஞ்சிருப்போம்."

"ஆமாம்மா." அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "புள்ளியா இருந்தாலும் நான் நின்ன புள்ளிய நீ பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.