முப்பதாவது துண்டு

இளம் புற்றுநோய் டாக்டர் கையில் கத்தியைக் கொடுத்தால் முகம் மலரும். ஆய்வுக்கூடச் சாவியைக் கொடுத்துப் பாருங்கள், ஜாமீன் கையெழுத்துக் கேட்டதுபோல் நழுவுவார். இந்தத் தொழிலில் என்னோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தச் சாவி என்னிடம் இருந்தது. வார்டில் எழும் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், கிடைக்கும் பதிலை வார்டுக்கே திருப்பிக் கொண்டுவர இளம் டாக்டர்களைப் பழக்குவது என் வேலை. நிர்வாகம் ஒரு வருடம் கொடுத்தது. அதற்குள் முப்பது நோயாளிகளின் புற்றுக்கட்டித் துண்டுகளை ஆராய்ச்சிக்காக உறையவைத்துச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆய்வுக்கூட அறை ஸ்கேன் மெஷினுக்குப் போய்விடும். நான் விடுவதாக இல்லை. என்னிடம் சிக்கியவர் காங்கேயத்துக்காரர், டாக்டர் செந்தில்.

பழகிய கை

ஆபரேஷன் தியேட்டரில் எதை வெட்டி எடுத்தாலும் அழுகாமலிருக்க ஃபார்மலின் பாட்டிலில் போடுவது வழக்கம். எங்கள் துண்டில் மட்டும் ஃபார்மலின் படவே கூடாது. பட்டால் எங்கள் சோதனைக்கு உதவாது. இதையே நான்கு வகுப்பு எடுத்திருந்தேன். முதல் துண்டுக்காக செந்தில் மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்றார். கிடைத்ததும், பக்கத்திலேயே ஐஸ் பெட்டி இருக்க, நேராக ஃபார்மலினில் போட்டு அழகாக லேபிளும் ஒட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் தியேட்டரே அதிர்ந்தது. தியேட்டர் சிஸ்டர் ஸ்டெல்லா சொன்னார்: "கத்தாதீங்க மேடம். அஞ்சு வருசமாப் பழகுன கைங்க, நாலு வகுப்புல திருந்திருமுங்களா?"

மாட்டு டாக்டரின் கேன்

துண்டுகளை உறையவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். வெளியூரிலிருந்து வரவேண்டிய கேன் வந்தபாடில்லை. "மாட்டுக்குச் சினை ஊசி போடறவங்க கிட்ட, காளை விந்தை உறையவெக்க, அதேதானுங்க மேடம் இருக்கு" என்றார் செந்தில். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்தான். இருவரும் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கால்நடை டாக்டரைத் தேடிப் போனோம்.

அவர் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார். எதற்கென்று விசாரித்தவர், பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எடுத்துக்கங்க. ஆனா நான் ஒரு ஊசியைத் தப்பவுட்டாப் போதும், தோட்டத்துக்காரர் சட்டையப் புடிச்சுருவாருங்க. உங்களை யாருங்க கேப்பாங்க?"

வேண்டாமுங்க

வருடம் முடிய ஒரு வாரம். கையில் இருபத்தொன்பது. முப்பதாவதாக வந்தவர் தேங்காயெண்ணெய் மில்லில் வேலை பார்க்கும் கருப்பாத்தாள், மார்பில் கட்டி. சம்மதப் படிவத்தைப் பார்த்ததும் அவர் கணவர் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார். செந்தில் அவரை விலக்கிவிட்டு அந்த அம்மாவிடமே பேசினார். எப்படியும் எடுக்கப்போகிற கட்டியில் சுண்டைக்காய் அளவு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார்.

"இதுனால எனக்கு நல்லாகுமுங்களா?"

செந்தில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. "இல்லீங்கம்மா. பின்னால வர்றவங்களுக்கு உதவலாமுங்க. நீங்க வேண்டாம்னாலும் வைத்தியம் ஒண்ணும் கொறையாதுங்க" என்றார் செந்தில்.

கருப்பாத்தாள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப வேண்டாமுங்க தம்பி. என்ற ஒடம்புல ஆசுபத்திரிக்குன்னு ஒண்ணும் வெச்சுட்டுப் போறதா இல்லீங்க."

ஒன்று குறைகிறது

கடைசி நாள் நிர்வாகி பதிவேட்டைப் புரட்டினார். நல்ல மனிதர். உதவத்தான் பார்த்தார். "ஒண்ணுதானுங்களே கொறையுது. இருக்கற துண்டுல ஒண்ணை ரெண்டா நறுக்கி வேற நம்பர் போடுங்க. யாருக்குங்க தெரியப்போவுது?"

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நான் உடனே மறுக்கவில்லை. கண்முன்னால் அந்த அறைதான் நின்றது. செந்தில் பதிவேட்டை வாங்கி மூடினார். "எனக்குத் தெரியுமுங்களே."

நிர்வாகி மேஜைக் காலண்டரை இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். ஆக, ஒரு வருடம் தொண்டை கிழியக் கத்தி நான் சேர்த்தது இருபத்தொன்பது துண்டுகளும், நானே தப்பாகச் சொன்னாலும் கேட்காத ஒரு டாக்டரும்தான்.