பதினாறு பல் வைக்கிறவள்

"ஒருக்கா ஆ காட்டுங்கோ மாமா" என்றாள் லக்‌ஷிகா. பாண் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் சண்முகராசா மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். "கடைவாயில ரெண்டு பல்லு போகப்போகுது. தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி?" "ரெண்டு." "பொய். நாலு." சண்முகராசா பாண் பையை அவளிடம் நீட்டினார்.

தென் லண்டனில் மிச்சம் என்னும் ஊரிலுள்ள தமிழர்களின் வாய்களை இப்படித் திறக்கவைக்கும் இந்தப் பெண் இன்னும் பல் மருத்துவர் அல்ல. பல் மருத்துவக் கல்லூரியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் கடைசி வருடம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பில் இருந்து போனுக்குப் பதில் சொல்கிறாள். ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது. "முன்பல்லு நீக்கல் விட்ட அண்ணை" என்று அந்தப் பல் இடைவெளிதான் நிற்கும். டிராமில் எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் அன்றைக்குப் படிப்பு ஓடாது. கைப்பையில் பற்தூரிகை இருக்கும், பக்கத்திலேயே டொபி மிட்டாயும் இருக்கும். கேட்டால், "அதுக்குத்தானே இது" என்பாள்.

பள்ளிக்கூடம் முடித்த வருடம் ஒரு பாடத்தில் பெறுபேறு ஒரு படி குறைந்தது. விண்ணப்பித்த நான்கு பல் மருத்துவக் கல்லூரிகளும் கையை விரித்தன. அழுதுவிட்டு, பட்டம் எடுத்துக்கொண்டு திரும்பவும் தட்டுவது என்று தீர்மானித்தாள். இந்த வருடம் தட்டியதில் மூன்று திறக்கவில்லை. ஒன்றேயொன்று நேர்முகத்துக்கு அழைத்தது. அதுவும் போனால், "எங்கயாவது லாப்பில ரத்தப் போத்தலுக்கு லேபிள் ஒட்டவேண்டியதுதான்" என்பாள்.

அவளுடைய அம்மா நகுலேஸ்வரிக்கு இந்தக் கவலை கிடையாது. மகள் பல்லு டொக்டர் என்று பாரிஸ் முதல் டொரன்டோ வரை அறிவித்தாகிவிட்டது. அங்கிருந்தெல்லாம் பல்வலிக்காரர்கள் இவளுக்குப் போன் எடுக்கிறார்கள். "அம்மா, நான் இன்னும் உள்ளுக்கே போகேல்லை!" "போவாய்தானே. மாமிக்குப் பல்லு நோவுக்கு ஒரு குளிசை சொல்லு."

விண்ணப்பத்தில் ஓர் இடம் இடித்தது. பல் வைத்தியத்துக்கு விரல் நுணுக்கம் வேண்டும். அதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். "வீணை எண்டு எழுது, பிள்ளை" என்றாள் அம்மா. எழுதிவிட்டாள். அந்த வீணை அவளுடைய பன்னிரண்டாவது வயதிலிருந்து அலுமாரிக்கு மேல் போர்வைக்குள் படுத்திருக்கிறது.

உண்மையில் அவள் விரலுக்குத் தெரிந்தது பல்லுக்கொழுக்கட்டை. குழந்தைக்கு முதல் பல் முளைத்தால், தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடித்து அதன்மேல் கொழுக்கட்டை சொரிவது யாழ்ப்பாண வழக்கம். பிறைபோல மடித்த மாவின் விளிம்பைப் பல்வரிசையாகக் கிள்ளவேண்டும். லக்‌ஷிகா கிள்ள உட்கார்ந்தால் வேறு யாரும் மாவைத் தொடக்கூடாது. ஒவ்வொன்றிலும் சரியாகப் பதினாறு பல். "என்ர பிள்ளைக்கு ஒண்டுதானே முளைச்சிருக்கு" என்று பக்கத்துவீட்டுச் சுசிலா சிரித்தபோது, "மேல்வாயில பதினாறு அக்கா, குறைக்கேலாது" என்று இவள் நிமிராமலே சொன்னாள். "சமையல் கதையை ஆர் விண்ணப்பப் போமில எழுதுவினம்?" என்பது அவள் நினைப்பு.

2008 பெப்ரவரி, நேர்முக அறை. மேசைக்கு அப்பால் ஒரு பேராசிரியரும் சிரிக்காத ஓர் அம்மையாரும். "எத்தனை வருடமாக வீணை வாசிக்கிறீர்கள்?" என்று அம்மையார் முதல் கேள்வியிலேயே கேட்டார். லக்‌ஷிகா மூன்று வருட உழைப்பும் அந்தப் போர்வைக்குள் போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் பொய் வரவில்லை. "பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டேன். எழுதியிருக்கக்கூடாது." அம்மையாரின் பேனா தாளில் ஒரு வரியை நீளமாக வெட்டியது.

"அப்படியானால் உங்கள் விரல்களுக்கு என்னதான் தெரியும்?" என்று பேராசிரியர் கேட்டார். கொழுக்கட்டைக் கதையைச் சொன்னாள். அவர் இழுப்பறையிலிருந்து பொய்ப்பல் செய்யும் இளஞ்சிவப்பு மெழுகை எடுத்து நீட்டினார். கையில் வைத்து இளக்கிக் கிள்ளத் தொடங்கினாள். அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

பேராசிரியர் வாங்கி எண்ணினார். பதினாறு. "நன்றி, இவ்வளவு போதும்" என்றார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். லக்‌ஷிகா எழுந்து கதவுவரை போனாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி மேசைக்கு வந்து ஒரு நிமிடம் தரும்படி கேட்டு, அந்த மெழுகுப் பல்வரிசையை அவர் கையிலிருந்து எடுத்து, பெருத்துப்போயிருந்த ஏழாவது பல்லை நகத்தால் கிள்ளிச் சரிபண்ணி, மறுபடி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.