பிஸ்டன் கம்பெனியில் சார்ஜ் ஏற்றியவன்

விமான் நகர் வீட்டிலிருந்து தளேகாவ் தொழிற்சாலைக்குப் போய் வர பெட்ரோல் போட்டே என் சம்பளம் கரைந்தது. "ஏனுங்க, பேசாம ஒரு கரன்ட் வண்டி வாங்கிப்போடுங்க. இன்னும் எத்தனை நாளைக்குப் பங்க்குக்காரனுக்குப் படியளப்பீங்க?" என்றாள் மனைவி. கோயம்புத்தூர்க்காரி, கணக்குப் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாங்கினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி கமிட்டி சார்ஜர் வைக்க விடவில்லை. நெருப்புப் பிடிக்குமாம்! லிஃப்ட் பக்கத்தில் ஒயர் தீய்ந்து தொங்குகிறதே, அது மட்டும் பிடிக்காதாக்கும். வேறு வழியில்லாமல் தொழிற்சாலையிலேயே சார்ஜ் போட்டேன். நாங்கள் செய்வது பெட்ரோல் எஞ்சினுக்கான பிஸ்டன். நான் அங்கே மேனேஜர். ஷிஃப்ட்டுக்கு வருகிற அத்தனை பேரும் என் வண்டியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பெரிய அதிகாரி கூப்பிட்டு, இரண்டாவது உற்பத்தி லைனை மூடப்போவதாகவும், அந்த லைன் ஆட்களிடம் நான்தான் பேசி, வேலையை விட்டு விலகுவதாகக் கையெழுத்து வாங்கவேண்டும் என்றும் சொன்னார்.

"ஏன் சார், நானா?"

"நீங்கதானே எலக்ட்ரிக் ஓட்டுறீங்க? காலம் மாறிடுச்சுன்னு நீங்க சொன்னா நம்புவாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். வீட்டுக்கடன் இருக்கிறது, மகள் காலேஜில் படிக்கிறாள். ஐம்பது வயதில், பிஸ்டனைத் தவிர ஒரு மண்ணும் தெரியாத எனக்கு எவன் வேலை கொடுப்பான்? தலையாட்டிவிட்டு வந்தேன். சே, என்ன பிழைப்பு இது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கேன்டீனில் அந்த லைன் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்ரோல் மிச்சம், ஆயில் மாற்றவேண்டாம், சர்வீஸ் செலவு கம்மி, இனி ஜனங்கள் கரன்ட் வண்டியைத்தான் வாங்குவார்கள், அதனால் லைனை மூடுகிறோம் என்று என் அரைகுறை மராட்டியில் ஒப்பித்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

நான் சேர்ந்த வருஷமே சேர்ந்த மெஷின் ஆபரேட்டர் ஒருவர் எழுந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"சாஹேப், உங்க வண்டியில நம்ம பிஸ்டன் எத்தனை இருக்கு?"

"ஒண்ணுகூட இல்லை."

யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் என் மேஜையில் இருந்த தாள்களைப் பார்த்தார்.

"அப்ப சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

மேஜைக்கு வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள். அவரிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.