இடது சக்கரத்தின் உள் பேட்

பிரேக் பேட் தேய்ந்ததற்கு என் கால்தான் காரணம் என்று, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடித்த கையோடு, அத்தனை ஆட்கள் முன்னாலும் சொன்னார்.

"பொம்பள காலு லா. மேடுன்னாலும் பிரேக்கு, பள்ளம்னாலும் பிரேக்கு. பேட்டு எப்படி நிக்கும்?"

அவர் எப்போதும் சொல்கிற கிண்டல்தான் அது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் அசடு மாதிரி அவர்களோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். மண்டோர் மேல் இருந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்னமும் கோபம்.

லாபு என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். எண்ணெய்ப்பனை. அங்கே நான் மூணு சக்கர மோட்டார் ஓட்டினேன். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் இரண்டு சக்கரமும் ஓர் இரும்புப் பெட்டியும். பெண்கள் பொறுக்கி மூட்டை கட்டிய உதிரிப்பழத்தை லோரி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான்கு வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தேன். அந்தப் பெரட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டி நிறைய மூட்டையோடு மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வடிகாலில் இறங்கி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள் பிரிந்து பழமெல்லாம் சாலையில் உருண்டது. மறுநாள் பெரட்டிலேயே மண்டோர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாவி போனால் எனக்கு என்ன மிச்சம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுபடி மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்க வேண்டும். குனிகிற வேலை இனிமேல் ஆகாது, முதுகெலும்பு தாங்காது என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வண்டி இருந்ததால்தான் நான் இன்னும் சம்பளக்காரியாக இருந்தேன்.

"சக்கரத்தக் கழட்டிப் பாக்கலாம் அண்ணே," என்றேன்.

"என்னாத்தப் பாக்குறது? தேஞ்சிருச்சி. புது பேட்டு போட்டு வேற ஆளு ஓட்டுவான். நீ நாளைக்கு பழம் பொறுக்க வந்துரு."

பேசிவிட்டு மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். நேராகத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வண்டியை முந்தின நாளே அங்கே இழுத்து வந்து போட்டிருந்தார்கள். மெக்கானிக் என்று அங்கே யாரும் கிடையாது. பெரிய கோளாறு என்றால் நீலாயிலிருந்து ஓர் ஆள் வருவார். ஜாக்கியும் ஸ்பானரும் சுவரில் தொங்கும். அவற்றை எடுக்க ஆம்பளைக் கை வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அளவு மாறிய உதிரிப் பாகங்களைப் பிரித்துப் போடுகிற வேலை. கெட்டுப்போன ஒன்றை மட்டும் உற்றுப் பார்த்தால் எதுவும் புரியாது, பக்கத்தில் நல்லது ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். அதனால் இடது சக்கரத்தைத் தொடாமல் முதலில் வலது சக்கரத்தைக் கழற்றினேன்.

பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதை உள்ளே ஒரு பேட், வெளியே ஒரு பேட் என இரண்டும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். வலது பக்கம் இரண்டும் ஒரே அளவில் பாதி தேய்ந்திருந்தன. பிறகு இடது பக்கத்தைக் கழற்றினேன். வெளி பேட் கடையில் வாங்கின மாதிரி தடிப்பாக இருந்தது. உள் பேட்டில் தேய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை. வெறும் இரும்புதான். அது தட்டின் உள்பக்கத்தை உழுது வைத்திருந்தது.

எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. நான் மிதிப்பது ஒரே ஒரு பெடல். அதிலிருந்து பிரேக் எண்ணெய் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போகிறது. என் கால் கெட்ட காலாக இருந்தால் நான்கு பேட்டும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். நாலில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேய்க்கிற கால் எந்தப் பொம்பளைக்கு இருக்கிறது?

பேட்டுகளைத் தாங்குகிற கவ்வி இரண்டு சின்னக் கம்பிகள் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகர்ந்தால்தான் வெளி பேட்டும் தட்டைப் பிடிக்கும். வலது கவ்வியைக் கையால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. இடது கவ்வி அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன், அப்போதும் இல்லை. ஆக, உள் பேட் ஒன்றே இத்தனை நாளும் அந்தச் சக்கரத்துப் பாரத்தையெல்லாம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கம்பி ஏன் இறுகியது என்று பார்க்க, மேலே படிந்திருந்த சேற்றை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன்.

சேறு போனதும் அடியில் பளபளவென்று தெரிந்தது. சில்வர் பெயின்ட்.

ஆயுத பூசைக்கு அந்தப் பெயின்டை அடித்தவள் நான்தான். தோட்டத்தில் ஓடுகிற மூன்று மூணு சக்கர மோட்டாருக்கும் நானே அடித்தேன், என் கை நறுவிசான கை என்று எல்லாரும் சொன்னதால். வண்டிகள் மூன்றும் வலது பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் கை நுழையாது, சாமி கும்பிட வருகிறவர்கள் கண்ணிலும் படாது. அதனால் இடது பக்கத்துக்கு மட்டும் அடித்தேன். சக்கரத்து இடுக்கில் பிரஷ்ஷை விட்டு, கவ்வி, கம்பி, கம்பியை மூடியிருக்கிற ரப்பர் என்று ஒன்றையும் விடவில்லை. ரப்பரின் கறுப்புத் தெரிகிறதே என்று அதற்கு இரண்டாவது பூச்சு வேறு. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மண்டோர் வண்டியில் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொண்டார்.

பெயின்ட் காய்ந்து ரப்பரைக் கல்லாக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்த நினைப்பு வந்தது. தின்னர் டின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துடைத்துவிட்டு, துருப்பிடித்து இறுகிப்போச்சு என்று சொன்னால் கேட்க ஆள் கிடையாது. என் கால் மேல் போட்ட பழியும் போகும், சாவியும் வரும். ஆனால் மற்ற இரண்டு வண்டியிலும் அதே பெயின்ட் இருந்தது. ஒன்று ஸ்டோரில் நின்றது. இன்னொன்று அந்த நேரத்தில் மலையில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் பங்களாதேஷ்காரர், இரண்டு பிள்ளைகளின் படத்தை போனில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டுகிற மனிதர்.

இடது பக்கத்து இரண்டு பேட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மண்டோரும் சின்ன தொரையும் இருந்தார்கள். சின்ன தொரை என்று நாங்கள் சொல்வது உதவி மானேஜரை; இப்போது இருப்பவர் ஒரு மலாய்க்கார இளைஞர். மேசையில் பேட்டுகளை வைத்து, மலாயில் முழுக்கச் சொன்னேன். பெயின்ட் அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

மண்டோர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, அப்ப நீதான்!"

"நான்தான் அண்ணே. அதுக்கு என்னா வேணும்னாலும் பண்ணிக்குங்க. மொதல்ல மலையில இருக்கிற வண்டிய நிறுத்துங்க."

"அவன் நல்லாதான் ஓட்டுறான். உன்னய மாதிரி பயந்தாங்கொள்ளியா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் மேசையை ஓங்கி அறைந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சின்ன தொரை போனை எடுத்து அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டு, மூட்டையை இறக்கிவிட்டு முதல் கியரில் மெதுவாக வரச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது சக்கரத்தைக் கழற்றினேன். வெளி பேட் தடிப்பாக இருந்தது. உள் பேட் காகிதம் மாதிரி இருந்தது, ஒரு ஓரத்தில் இரும்பே தெரிந்தது. அதைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தேன்.

ஓட்டுநர் அதை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். இரண்டு வாரமாகவே சத்தம் வருகிறதாம். மண்டோரிடம் போய்ச் சொன்னாராம். உனக்கும் அந்தப் பொம்பளையின் கால் ஒட்டிக்கொண்டதா என்று மண்டோர் கேட்டாராம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவர் பிரேக்கை முடிந்தவரை மிதிப்பதே இல்லையாம்.

துணியை விலக்கி, பேட்டை மண்டோரின் உள்ளங்கையில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. அவர் கையை உதற, பேட் கீழே விழுந்தது.

என் சாவியைச் சின்ன தொரை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.